யாரைக் கேட்டு நகரம்?

திண்டுக்கல் ‘ஸ்மார்ட் சிட்டி’ ஆகவில்லை. 2015-ல் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டின் பங்காக 12 நகரங்கள் இருந்தன. திண்டுக்கல் அவற்றில் ஒன்று. 2016 ஜனவரியில் சென்னையும் கோவையும் தேர்வாயின. அதே ஆண்டில் மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூர். 2017-ல் திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடி, திருப்பூர். கடைசியாக 2018 ஜனவரியில் ஈரோடு. பன்னிரண்டாவது ஊர் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. இதில் எனக்குத் துக்கம் ஏதும் இல்லை. ஒரு ஊர் புத்திசாலியா இல்லையா என்பதற்கு டெல்லியிலிருந்து சான்றிதழ் வரவேண்டும் என்கிற ஏற்பாட்டின் அபத்தம் ஒருபுறம் இருக்கட்டும். என் யோசனை அந்தப் போட்டியின் ஒரு சிறு விதியைப் பற்றியது. ஊர்க்காரர்களைக் கலந்து பேசித்தான் திட்டம் எழுதப்பட்டது என்று ஒவ்வொரு நகரமும் காட்டவேண்டும். காட்டினால் மதிப்பெண் உண்டு. விளைவு, பல ஊர்களில் கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி, இணையத்தில் வாக்கெடுப்பு. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கனவு நகரத்தை எழுதிக் கொடுத்தார்கள், வரைந்து கொடுத்தார்கள். பரிசளிப்பு விழாவும் நடந்தது. கேட்பது என்பதே ஒரு பரீட்சைப் பாடமாகிவிட்டது. அதில் தேறவேண்டியவர்கள் கேட்டவர்கள், எழுதியவர்கள் அல்ல.

ஊர் நடுவை எப்படி வைத்துக்கொள்வது என்று இளம் பிராயத்தினரைக் கேட்பது நல்ல காரியம் என்பதை மறுக்க யாரும் வரமாட்டார்கள். யாரும் மறுக்க வராத நல்ல காரியங்கள்மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கடைக்காரனிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகலாம், அதில் தப்பில்லை. பெண் பார்க்கப் போய், பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்று எழுந்து வருவது அப்படியல்ல. அங்கே ஒருத்தி பதிலுக்குக் காத்திருக்கிறாள். இரண்டிலும் நடந்தது கேட்பதுதான். ஆனால் இரண்டாவதில் கேட்டவனின் தலையில் ஒரு கடன் ஏறிவிடுகிறது. கனவு நகரம் கேட்கப்பட்ட பிள்ளைகள் இந்த இரண்டாவது ரகம். அவர்களுக்கு லெட்டர் வரவில்லை.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் யூனிசெஃபுக்காக எழுதிய சிறு நூலில் எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை வரைந்தார். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் குடிமக்களின் பங்கேற்பை அளக்கப் போட்ட ஏணியைப் பிள்ளைகளுக்காகத் திருத்திக்கொண்டது அது. அதன் கீழ்ப்படிகள் மூன்று. பிள்ளைகளை வைத்துக் காரியம் சாதித்துக்கொள்வது ஒன்று, அவர்களை அலங்காரமாக நிறுத்துவது ஒன்று, பேருக்கு உட்காரவைப்பது ஒன்று. இவை மூன்றும் பங்கேற்பில் சேர்த்தியே இல்லை என்கிறார் ஹார்ட். இதைப் புரிந்துகொள்ள நமக்கு யூனிசெஃப் வேண்டியதில்லை. நம் சின்ன வட்டத்திலேயே ‘இளைஞர் சிறப்பிதழ்’ என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. ஒரு இதழ் முழுக்கத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த இதழிலிருந்து பழைய ஆட்களே பழைய நாற்காலிகளில். செல்லப்பாவின் வத்தலக்குண்டு இந்தச் சமவெளியில்தான் இருக்கிறது. 1959-ல் ‘எழுத்து’ தொடங்கியபோது புதியவர்களை அவர் அலங்காரத்துக்கு வைக்கவில்லை. அவர்களுக்குப் பக்கங்களைத் தந்தார், அவர்களோடு மல்லுக்கும் நின்றார். ஒருவனோடு சண்டை போடத் தயாராக இல்லாதவன் அவனிடம் அபிப்பிராயம் கேட்பது வெறும் உபசாரம் என்றே எனக்குப் படுகிறது. கனவு நகரக் கட்டுரைகளில் எதையாவது படித்து எந்த அதிகாரியாவது கோபப்பட்டிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது 3 லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை உள்ள ஊர்களுக்குத்தான். 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல்லின் ஜனத்தொகை 2,07,327. 2014-ல் நகராட்சி மாநகராட்சியாயிற்று என்றாலும் அந்த வரம்புக்கு வெளியேதான் நின்றது. 2022-ல் தமிழக அரசு விதிகள் இயற்றி, அவ்வாண்டு நவம்பர் 1-ம் தேதி பகுதி சபைக் கூட்டங்களைத் தொடங்கிவைத்தது. நல்லது. ஆனால் பகுதி சபைக்கு அடிப்படை வாக்காளர் பட்டியல். கிராமசபைக்கும் அப்படியே. 1988-ல் செய்த 61-வது திருத்தம் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18-க்கு இறக்கியது. அதற்குக் கீழே யாருக்கும் இருக்கை இல்லை. அதே சமயம், 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி 14 வயது முடிந்தவன் ஆபத்தான தொழில்கள் நீங்கலாக மற்றவற்றில் வேலைக்கு நிற்கலாம். 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தின்படி 16 முடிந்தவன்மேல் கொடுங்குற்றம் சுமத்தப்பட்டால், முதற்கட்ட ஆய்வுக்குப் பிறகு, பெரியவர்களைப் போலவே அவனையும் விசாரிக்கலாம். கடைவீதியில் மூட்டை தூக்க வயது வந்துவிடுகிறது. கூண்டில் ஏற வயது வந்துவிடுகிறது. அந்தக் கடைவீதியில் சாக்கடை எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்ல மட்டும் வயது வரவில்லை. இந்த மூன்று சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் படிப்பதில்லை போலும்.

இதற்கு நேர்மாறாக ஒரு பழைய சட்டம் இருக்கிறது. 1971-ன் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம் ஒன்று தயாரானால் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்புக் கொடுக்கவேண்டும்; குறைந்தது இரண்டு மாத அவகாசம் தந்து, ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் எழுத்து மூலம் யாரிடமிருந்தும் வரவேற்கவேண்டும். யாரிடமிருந்தும்! வயது சொல்லவில்லை, சொத்து சொல்லவில்லை, வாக்காளர் பட்டியல் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒரு தபால் அட்டையில் தன் ஆட்சேபணையை எழுதிப் போட்டால் சட்டப்படி அதை யாரும் தள்ள முடியாது. தாராள மனத்தோடு எழுதினார்களா, கவனக்குறைவா, சொல்ல முடியாது. அந்த அறிவிப்பு அச்சாகும் பாஷை பெரியவர்களுக்கே விளங்காது என்பதால் தாராளத்தினால் நஷ்டம் ஒன்றும் ஏற்படவில்லை.

பிள்ளைகளைக் கேட்கவேண்டும் என்று வாதிக்கிறவர்களிடமும் எனக்கு ஒரு தகராறு உண்டு. அவர்கள் எடுத்த எடுப்பில் ‘நாளைய குடிமக்கள்’ என்று ஆரம்பிப்பார்கள். கேட்க மரியாதையாக இருக்கும் இந்தச் சொல் உள்ளே ஒரு தட்டிக்கழிப்பு. நாளைய என்றால் இன்றைக்கு இல்லை என்றுதானே அர்த்தம். 15 வயதுப் பையன் இன்றைக்குப் பஸ் ஏறுகிறான், இன்றைக்கு ரோட்டைக் கடக்கிறான், இன்றைக்கு அடிபடுகிறான். ஊர் நடுவில் அதிகம் நடப்பவர்கள் யார் என்று ஒரு நாள் நின்று பார்த்தால் போதும். நம்மைப் போன்றவர்கள் மோட்டார் சைக்கிளில் கடந்துபோகிறோம். போகும் வேகத்தில் தெரிவது போர்டுகளும் சிக்னலும்தான். நடக்கிறவர்களுக்கும் காத்து நிற்கிறவர்களுக்கும்தான் தெரு என்பது தெருவாக இருக்கிறது. கிழவர்கள், கூலிக்காரர்கள், பெண்கள், பிள்ளைகள். ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே கவனித்த விஷயம் இது: திட்டக்காரர்கள் பிள்ளைகளுக்கென்று பூங்கா ஒதுக்கிவிட்டு நிம்மதி அடைகிறார்கள், பிள்ளைகளோ நடைபாதையில்தான் வளர்கிறார்கள். வருங்காலத்தை இவர்கள் தலையில் வைத்துப் பேசுவதை நிறுத்திவிட்டு, இன்றைக்கு இவர்களுக்குத் தெரிந்தது என்ன என்று கேட்பதே நேர்மையான தொடக்கம்.

கெவின் லிஞ்ச் 1970-களில் யுனெஸ்கோவுக்காக அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்ஸிகோ, போலந்து நாடுகளில் இளம் பிராயத்தினரைத் தங்கள் வட்டாரத்தை வரைந்து காட்டச் சொன்னார். அது 1977-ல் நூலாக வந்தது. அந்த முறையைத் திருட்டுத்தனமாக இரவல் வாங்கி, தெரிந்த ஆசிரியர் ஒருவர் தயவில், திண்டுக்கல்லில் படிக்கும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் சிலரிடம் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்திலிருந்து பள்ளிக்கூடம் வரையான வழியை வரையச் சொன்னேன். கனவு வேண்டாம், வழி போதும் என்றேன். ஏராளமாக வந்தது. பாறையை எல்லோரும் வரைந்திருந்தார்கள், பல தாள்களில் அதுதான் முதல் கோடு. மணிக்கூண்டு சிலவற்றில் இருந்தது. கோணிப்பை போட்ட சாக்கடைத் திறப்பு, கடிக்கும் நாய், கடிக்காத நாய், பழைய புத்தகக் கடை, பரோட்டா கல் சத்தம் (ஒருவன் அந்தச் சத்தத்தையே கோடுகளாக வரைந்திருந்தான்), மழை வந்தால் சுற்றிப் போகவேண்டிய இடம். மதுக்கடையை அடுத்த முப்பது நாற்பது அடித் தூரத்தைப் பெண்களில் நால்வர் வேறு வேறு விதமாக அழித்திருந்தார்கள். ஒருத்தி அங்கே வழியையே ரோட்டின் எதிர்ப்புறத்துக்கு வளைத்துவிட்டாள். எந்த நகராட்சி வரைபடத்திலும் இந்த வளைவு இருக்காது.

தாள்களை வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் சொன்னாள்: “காலைல வீட்ல குடிக்கிற தண்ணிதான் சார். அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான்.”

“ஏம்மா?”

பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்திலிருந்தவள்தான் பதில் சொன்னாள்: “குடிச்சிட்டு எங்க சார் போறது?”

கிராமத்திலிருந்து காலை ஆறரைக்குப் பஸ் ஏறி, சாயங்காலம் ஏழுக்கு வீடு திரும்பும் பெண்கள் இவர்கள். இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் தேவைப்படவில்லை. யாராவது கேட்டிருக்கவேண்டும், அவ்வளவுதான். கனவு நகரம் கேட்டிருந்தால் இவள் பறக்கும் ரயில் வரைந்திருப்பாள். கேள்வியின் தரத்துக்கு மேல் பதில் வராது. கனவைக் கேட்பது சௌகரியம். கனவை நிறைவேற்றாததற்கு யாரும் யாரையும் கேட்க முடியாது. கழிப்பறை அப்படியில்லை.

பிள்ளைகள் கள்ளங்கபடமற்றவர்கள், அவர்கள் வாயிலிருந்து உண்மைதான் வரும் என்கிற ரொமான்டிக் மயக்கமும் எனக்கு இல்லை. அதே வகுப்பில் ஒரு பையன் எழுந்து, ரோட்டோரக் கடைகளையெல்லாம் தூக்கிவிட்டால் ஊர் சுத்தமாகிவிடும் என்றான். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அவன் அதை எங்கே கற்றுக்கொண்டான் என்பது தெரிந்ததுதான். அவன் சொன்னது அவன் அப்பா சொல்வது, செல்போனில் வரும் வீடியோ சொல்வது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல்: “எங்கம்மா அங்கதான்டா பூ விக்கிது.” நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ, திண்டுக்கல் சந்தைக்கு வந்து, அங்கிருந்து கூடைக்குப் போவது. வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாயிற்று. பையன் உட்காரவில்லை. “அப்ப நடக்கிறதுக்கு எங்கடீ எடம்?” என்றான். அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

நகர அமைப்பு என்று ஒன்று இருந்தால் அது தொடங்கும் இடம் இதுதான். நடக்க இடம் வேண்டும், விற்கவும் இடம் வேண்டும், இடமோ அத்தனை அகலம்தான். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு என்று ஒன்றை ஏற்படுத்தி, அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகள் இருக்கவேண்டும் என்கிறது. நடைமுறை என்ன ஆனாலும், தெருவை உபயோகிக்கிறவன் தெருவைப் பற்றித் தீர்மானிக்கும் மேஜையில் உட்காரவேண்டும் என்கிற தத்துவத்தை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. பூக்காரம்மாவுக்கு ஒப்புக்கொண்டதை அவள் மகளுக்கு ஏன் ஒப்புக்கொள்ளக்கூடாது? அந்தப் பையனுக்கும்தான். இளைஞர் என்று ஒரு ஒற்றை ஜாதி இல்லை என்பதை அந்த ஒரு நிமிஷ அமைதி எனக்குக் காட்டியது. ‘இளைஞர்களின் குரல்’ என்று ஒருமையில் எழுதப்படும் அறிக்கைகளை இனி நம்பமாட்டேன்.

ஆனால் இங்கே ஒரு பலமான ஆட்சேபணை குறுக்கே நிற்கிறது. அதைச் சுலபமாகத் தாண்டிவிடக்கூடாது. ஹன்னா ஆரெண்ட் 1958-ல் கல்வியின் நெருக்கடியைப் பற்றி எழுதிய கட்டுரையில் சொல்வதன் சாராம்சம்: உலகத்துக்குப் பொறுப்பு பெரியவர்களுடையது. குழந்தை புதிதாக வந்தவன். அவனுக்கு உலகத்தைக் காட்டி, இது இப்படியிருக்கிறது, இதற்கு நான் ஜவாப்தாரி என்று சொல்வதே பெரியவனின் வேலை. அந்தப் பொறுப்பைக் கைகழுவிவிட்டு, நீயே பார்த்துக்கொள் என்று குழந்தைகளை அவர்கள் உலகத்தில் விட்டுவிடுவது விடுதலை அல்ல, துரோகம். அடுத்த ஆண்டு லிட்டில் ராக் பள்ளி விவகாரத்தைப் பற்றி எழுதியபோது, பெரியவர்கள் தீர்க்காத அரசியலைக் குழந்தைகளின் தோளில் ஏற்றுகிறார்கள் என்று அவர் கோபப்பட்டார். அந்த விவகாரத்தில் அவர் நிலை தவறு என்றே நினைக்கிறேன்; அந்தக் கறுப்பினப் பிள்ளைகள் எதைச் சுமந்தார்கள், ஏன் சுமந்தார்கள் என்பது அவர் கண்ணில் சரியாகப் படவில்லை. ஆனால் கோபத்தின் வேர் பொய்யல்ல. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு, மைக்கை நீட்டி, ‘தம்பி, நீ சொல்லப்பா, என்ன செய்யலாம்?’ என்று கேட்கும் பெரிய மனிதர்களை நாம் பார்க்காமலில்லை.

திண்டுக்கல்லில் இதற்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழில் இந்த ஊருக்குச் சோறு போட்டது. அது நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குத் தெரியும். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், தோல் கழிவு நஷ்டஈட்டுக்குரிய பிரதேசங்களாகச் சொல்லப்பட்டவற்றில் ‘திண்டுக்கல் அண்ணா’ மாவட்டமும் உண்டு. அன்றைக்கு மாவட்டத்தின் பெயர் அதுதான். கெடுத்தவனே செலவைக் கொடுக்கவேண்டும் என்பதும், தலைமுறைகளுக்கு இடையிலான நியாயம் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்துக்குள் அழுத்தமாக வந்தது அந்தத் தீர்ப்பின் மூலமாக. தீர்ப்பு வந்த நாளில் பிறந்த குழந்தைக்கு இன்றைக்கு முப்பதை ஒட்டிய வயது. அவளை யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. பிறப்பதற்கு முன்பே அவள் கிணற்றைப் பற்றிய முடிவு எடுத்தாகிவிட்டது. இப்போது அவள் பிள்ளையைக் கூப்பிட்டு வைத்து, நீர் மேலாண்மை பற்றி உன் யோசனை என்ன என்று ஓவியப் போட்டி நடத்தினால் ஆரெண்டின் கோபம் எனக்கும் வருகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா? கேட்காமலிருப்பதும் அநியாயம், கேட்டுப் பொறுப்பைத் தள்ளிவிடுவதும் அநியாயம். சாட்சியத்தையும் தீர்ப்பையும் பிரித்துக்கொண்டால் கொஞ்சம் தெளிகிறது என்று நினைக்கிறேன். பிள்ளைகளிடம் கேட்கவேண்டியது சாட்சியம். எந்த இடத்தில் பயப்படுகிறாய், எங்கே நின்று பேசுகிறாய், எங்கே உன்னை விரட்டுகிறார்கள், எவ்வளவு நேரம் தாகத்தை அடக்குகிறாய். தீர்ப்பும் அதன் பழியும் பெரியவர்களுடையது. ஆனால் சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு, வாக்குமூலத்தைக் குப்பையில் போட்டால் அது கோர்ட் அல்ல. நீ சொன்னாய், நாங்கள் இதைச் செய்தோம், இதைச் செய்யவில்லை, செய்யாததற்குக் காரணம் இது என்று அதே பிள்ளைகள் முகத்துக்கு நேரே திரும்பிவந்து சொல்லவேண்டும். அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்போதுதான் அவர்கள் அரசியலுக்குள் வருகிறார்கள். தாங்களாக வருகிறார்கள், யாரும் இழுத்துவரவில்லை. சாட்சியத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே நான் போடும் கோடு அவ்வளவு கறாரானதல்ல என்பதும் தெரியும். அந்தப் பையன் ‘அப்ப நடக்கிறதுக்கு எங்கடீ எடம்’ என்று கேட்டது சாட்சியமா, தீர்ப்பா?

கர்நாடகத்தில் குந்தாப்பூர் பக்கம் கேரடி போன்ற பஞ்சாயத்துகளில் 1990-களில் உழைக்கும் சிறுவர்களின் ‘பீம சங்க’த்தார் தங்களுக்கென்று பஞ்சாயத்துத் தேர்தல் நடத்திக்கொண்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து முளைத்து, பின்னால் மாநிலம் முழுவதற்கும் அரசாணையாகப் போனது ‘மக்கள கிராம சபே’. கன்னடத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள். தமிழிலும்தான் அப்படி இருந்தது, மக்கட்பேறு என்று வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே பெயர் வைத்திருக்கிறார். ஜனங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த பாஷை, மக்களாட்சி என்று சொல்லும்போது ஒரு பாதியை மறந்துபோயிற்று. கன்னடத்து உத்தரவும் பல இடங்களில் சடங்காகிவிட்டது என்று குறை சொல்லலாம். பிறந்தநாள் மாதிரி வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிறது. ஆனாலும் ஒழுங்காக நடக்கும் சபையில் பிள்ளைகள் முதலில் எழுப்புவது ‘போன வருஷம் கேட்டது என்ன ஆயிற்று’ என்ற கேள்வியைத்தான். அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடமும் தேதியும் இருப்பது சாதாரண விஷயமல்ல. இத்தாலியில் ஃபானோ என்னும் ஊரில் ஃபிரான்செஸ்கோ டொனூச்சி 1991-ல் தொடங்கிய ‘குழந்தைகளின் நகரம்’ பற்றி நிறையப் பேசுகிறார்கள். எனக்குக் கேரடிதான் பெரிதாகப் படுகிறது. அங்கே வந்தவர்கள் தலைமையாசிரியர் தேர்ந்தெடுத்து அனுப்பிய நல்ல பிள்ளைகள் அல்ல, வேலைக்குப் போகிறவர்கள்.

லிஞ்சின் ஆராய்ச்சி 1990-களில் மறுபடி தொடங்கப்பட்டபோது சேர்ந்த ஊர்களில் பெங்களூர் ஒன்று. அங்கே சத்யநகர் என்ற குடிசைப்பகுதி. வெளியிலிருந்து வந்தவர்கள் கண்ணுக்கு வறுமையும் அசுத்தமும் பட்ட இடத்தில், பிள்ளைகள் விளையாட்டையும் சிநேகத்தையும் திருவிழாவையும் காட்டினார்கள். ஏழ்மையைக் கொண்டாட இது ஆதாரமல்ல. அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர், கழிப்பறைக் கஷ்டம் நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் இடித்துத் தரைமட்டமாக்கிச் சீர்திருத்துகிறவர்கள் கூடவே எதை இடிக்கிறார்கள் என்பதை இவர்கள்தான் சொல்ல முடியும். ஆராய்ச்சி முடிந்து, சொன்னதில் ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று வந்தபோது குறுக்கே நின்றவை பெரியவர்களின் ஸ்தாபனங்களே என்பதை அதில் ஈடுபட்டவர்களே 2001-ல் எழுதினார்கள். அந்த ஒளிவுமறைவற்ற கட்டுரை எனக்கு வெற்றிக்கதைகளை விடப் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் எதிர்கொள்ளவேண்டும். நான் பேசிய பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த ஊரில் இருக்கப்போவதில்லை. ‘காலேஜ் முடிச்சா கோயம்புத்தூர் சார்’, ‘திருப்பூர்ல மாமா இருக்காரு’, ‘சென்னை’. போகிறவனைக் கேட்டு ஊரை அமைப்பானேன், இருக்கிற வியாபாரியைக் கேட்டால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். கெட்ட கேள்வியல்ல. ஆனால் கேட்கப்படும் உரிமையை நாளைய குடியிருப்பிலிருந்து தருவித்தால்தான் இந்தச் சிக்கல் வரும். இன்றைய நடையிலிருந்து தருவித்தால் வராது. தவிர, போவதே ஒரு அபிப்பிராயம். வாயால் கேட்டபோது யாரும் கவனிக்காததைக் கால்களால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். காந்திகிராமம் 1956-ல் கிராமியக் கல்வி நிலையமாகத் தொடங்கியதிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. கிராமத்தில் போய்த் தங்கி அறிவதைப் பாடத்திட்டத்திலேயே வைத்த ஸ்தாபனம். காந்தியத்துக்கு நகரத்தின்மேல் அந்த அளவு அக்கறை இருந்ததில்லை. கிராமத்துப் பிள்ளை படித்து முடித்ததும் வந்து இறங்குவதென்னவோ பஸ் நிலையத்தில்தான்.

பாட்ரிக் கெட்டிஸ் 1892-ல் எடின்பரோவில் ஒரு கட்டடத்தை எடுத்து அதற்கு ‘பார்வைக் கோபுரம்’ என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார். உச்சியில் ஏறினால் ஊரும் சுற்றுப்புறமும் மொத்தமாகத் தெரியும்; ஒவ்வொரு மாடியாக இறங்க இறங்க ஊர், நாடு, உலகம் என்று விரியும். ஊரைக் கண்ணால் பாராதவன் அதைத் திருத்த யோக்யதை அற்றவன் என்பது அவர் கட்சி. 1914-ல் இந்தியா வந்து, சென்னை ராஜதானியின் ஊர்கள் பலவற்றுக்கு, மதுரைக்கும்தான், அறிக்கை எழுதினார். திண்டுக்கல்லுக்கு இப்படிக் கோபுரம் வாங்கவேண்டிய அவசியமே இல்லை. முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் கோட்டை எழுப்பத் தொடங்கியதும், ஹைதர் அலி 1755-ல் பௌஜ்தாராக வந்து பிடித்துக்கொண்டதும், சமவெளி முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம் என்பதற்காகத்தான். எதிரி வருகிறானா என்று பார்க்கக் கட்டிய இடம். இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மேலே ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இளவட்டங்களே. கட்டடிக்க வருகிறார்கள், காதலிக்க வருகிறார்கள், சும்மா உட்கார வருகிறார்கள். கீழே கடைவீதி, சிறுமலைத் தொடர், நாலாபுறமும் போகும் சாலைகள் எல்லாம் தெரியும். ஊரைப் பற்றித் தீர்மானம் போடுகிறவர்களில் எத்தனை பேர் கடைசியாக எப்போது ஏறினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. படி செங்குத்து, மூச்சு வாங்கும்.

பூட்டுப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் பதினேழு வயதுப் பையனிடம் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது அவனுக்குத் தெரியாது. தொழில் எப்படி நடக்கிறது என்றதற்கு உதட்டைப் பிதுக்கினான். தாளும் பென்சிலும் நீட்டினால், “எனக்கு வரையல்லாம் வராதுண்ணே” என்று சிரித்தான். வாயால் சொன்னான். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு லாரி நின்று சரக்கு இறக்கும், எந்த முடுக்கு வழியாகப் போனால் போலீஸ் நிறுத்தாது, எந்தக் கடைத் திண்ணையில் மத்தியானம் படுக்க விடுவார்கள், எந்தச் சாக்கடை முதல் மழையிலேயே பொங்கும். மாணவர்கள் வரைந்ததை எல்லாம் சேர்த்தாலும் அவனுக்குத் தெரிந்ததில் கால்வாசி வராது. பகுதி சபை என்று ஒன்று நடக்கிறதே, பேசக் கூப்பிட்டால் வருவாயா என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டான். காலை பதினொரு மணிக்கு என்று வைத்துக்கொள்வோம் என்றேன். “பதினோரு மணிக்குப் பட்டறைய விட்டு யாருண்ணே விடுவா?” என்று சொல்லிவிட்டுக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.